போஜனபலியும் இன்றைய ஆராதனையும்: கொழும்புச் சபைகளுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

அறுவடை ஆராதனை வந்தால் நம் சபைகளில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். லேவியராகமம் 2ஆம் அதிகாரம் வாசிக்கப்படும், முதற்பலனைப் பற்றி ஒரு பிரசங்கம் வரும், பூசணிக்காயும் வாழைக்குலையும் பீடத்தைச் சுற்றி அடுக்கப்படும், கடைசியில் மண்டபத்தில் ஏலம். இதில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் அந்த அதிகாரத்தின் நடுவில் இருக்கிற செயல் இந்த ஒழுங்குக்குள் எங்கேயும் வருவதில்லை. கொண்டுவந்த மாவிலிருந்து ஒரு கைப்பிடி மட்டும் நெருப்புக்குப் போகிறது. மீதி முழுவதும் ஊழியம் செய்கிறவர்களுடைய சாப்பாடு ஆகிறது. போஜனபலியை, அதாவது இந்த மாவுக் காணிக்கையை, இன்றைய ஆராதனைக்குள் கொண்டுவர விரும்புகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும். கீழே இருப்பது வேதபாடம் நடத்துகிறவர்களுக்கும், ஓய்வுநாட் பாடசாலை ஆசிரியர்களுக்கும், ஆராதனை ஒழுங்கைத் தயாரிக்கும் குழுவுக்கும். கத்தோலிக்க வாசகர்கள் திருவிவிலியத்தில் இதை ‘உணவுப் படையல்’ என்ற பெயரில் காணலாம்.

வேதபாடம்: எதை, எந்த வரிசையில் வாசிப்பது

லேவியராகமம் 2, பிறகு 6:14-23, பிறகு 7:9-10, கடைசியில் எண்ணாகமம் 15:1-12. ஒன்றேகால் மணி நேரம் போதும். இரண்டாம் அதிகாரத்தை மட்டும் வாசித்து நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. அது முக்கியமாகக் கொண்டுவருகிறவருக்குச் சொல்லப்பட்டது. ஆறாம் அதிகாரம் ஆசாரியருக்கு. மீதி மாவை எங்கே, எப்படிச் சாப்பிடுவது என்பது அங்கேதான் இருக்கிறது.

வாசித்த பிறகு பலகையில் இரண்டு பத்திகள் வரைந்து, எந்த வேலையை யார் செய்கிறார் என்று வகுப்பையே கேளுங்கள். கொண்டுவருகிறவர் மாவைத் தருகிறார், எண்ணெய் வார்க்கிறார், தூபவர்க்கம் போடுகிறார், சுட்டோ பொரித்தோ கொண்டுவருகிறார். ஆசாரியர் கைப்பிடி எடுக்கிறார், அதைத் தூபவர்க்கம் முழுவதோடும் பலிபீடத்தில் தகனிக்கிறார், மீதியைப் புளிப்பில்லாமல் பரிசுத்த இடத்தில் சாப்பிடுகிறார். இதை எழுதி முடித்ததும் வகுப்பில் யாராவது கவனித்துவிடுவார்கள்: கொண்டுவந்தவர் ஒரு துண்டுகூடச் சாப்பிடவில்லை. கொண்டுவந்தவரும் உட்கார்ந்து உண்ணுகிற பலி சமாதானபலி, அது வேறு. அயலில் உள்ள கோயில்களில் படைத்ததைப் பிரசாதமாகப் பெற்றுக்கொள்ளும் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இதையும் அப்படியே நினைத்துக்கொள்வது சுலபம். பாடத்தில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்காமல் விட்டால் அடுத்து வரும் எல்லாமே குழம்பும்.

ஆசாரியர் தன் சொந்தப் போஜனபலியைச் செலுத்தும்போது அது முழுவதும் எரிக்கப்பட வேண்டும், சாப்பிடக்கூடாது (6:23). ஊழியக்காரர் தன் காணிக்கையைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது என்ற இந்த ஏற்பாட்டைப் பற்றிச் சபைப் பொருளாளர்களிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேசினாலும் தகும்.

அளவுகள்

பழைய மொழிபெயர்ப்பில் மரக்கால், படி என்று வருவதை நம் ஊர் அளவாக எடுத்துக் கணக்குப் போடாதீர்கள். மரக்கால் என்பது எப்பா என்ற எபிரெய அளவு, ஏறத்தாழ 22 லீற்றர். அதில் பத்தில் ஒரு பங்கு 2.2 லீற்றர். படி என்பது ஹின் என்ற எபிரெய அளவு, ஏறத்தாழ 3.6 லீற்றர். ஆய்வாளர்களின் கணக்கில் இவை சற்றுக் கூடிக் குறையும். வகுப்புக்கு இது போதும்.

எண்ணாகமம் 15இன்படி மிருகபலியோடு போஜனபலியும் சேர்ந்து வர வேண்டும்: ஆட்டுக்குட்டியோடு 2.2 லீற்றர் மாவும் 0.9 லீற்றர் எண்ணெயும், ஆட்டுக்கடாவோடு 4.4 லீற்றர் மாவும் 1.2 லீற்றர் எண்ணெயும், காளையோடு 6.6 லீற்றர் மாவும் 1.8 லீற்றர் எண்ணெயும். திராட்சரசம் ஒவ்வொன்றிலும் எண்ணெயின் அளவே. தினமும் காலையும் மாலையும் செலுத்தப்பட்ட பலிக்கு ஆட்டுக்குட்டியின் அளவு. ஒரு போத்தல் எண்ணெயும் இரண்டு மூன்று பைக்கற் ரவையும் மேசையில் வைத்துக் காட்டினால், பிள்ளைகளுக்கு இந்த எண்கள் உடனே புரியும்.

லேவியராகமம் 2இல் தனி ஒருவர் தானாக விரும்பிக் கொண்டுவரும் காணிக்கைக்கு அளவே சொல்லப்படவில்லை. முதற்பலன் போஜனபலிக்கும் (2:14-16) அப்படித்தான். முதல் மாதச் சம்பளம் முழுவதையும் கொண்டுவரச் சொல்லும் பிரசங்கத்துக்கு இந்தப் பகுதியை ஆதாரமாக எடுக்க முடியாது.

செய்து காட்டுதல்

ஓய்வுநாட் பாடசாலைக்கும் வாலிபர் வகுப்புக்கும் இதைச் செய்து காட்டுவது நல்லது. இது பலி அல்ல, பாடம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். சபை மண்டபத்துக் குசினியில் செய்யுங்கள், கோவிலுக்குள் வேண்டாம்.

மாவுக்கு ரவை எடுங்கள். அக்காலத்தில் காணிக்கைக்குச் சென்றது கோதுமையின் உள்மணியிலிருந்து பல தடவை அரித்தெடுத்த சுத்தமான குருணை, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, அறுப்பின் முதற்கதிர்க் காணிக்கை மாவு 13 அரிதட்டுகளால் அரிக்கப்பட்டது என்கிறது. கடையில் கிடைக்கும் கரடான ரவையை அப்படியே பிசைந்தால் சேராமல் உதிரும். மிக்சியில் ஒரு சுற்று விட்டு, அரிதட்டில் அரித்து எடுங்கள்.

பதினைந்து பேர் ருசி பார்க்க: ரவை 150 கிராம், ஒலிவ எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் 80 மில்லி லீற்றர் அளவில், கடைசியில் மேலே ஊற்ற இன்னும் கொஞ்சம் எண்ணெய். இந்த எண்ணெய் விகிதம் தனியார் காணிக்கைக்கு மிஷ்னா சொல்வதற்கு நெருக்கமானது. ஒலிவ எண்ணெய் விலை கூடியது என்றால் நல்லெண்ணெய் பரவாயில்லை. தேங்காயெண்ணெய் வாசனை எல்லாவற்றையும் மூடிவிடும், தவிருங்கள்.

மிஷ்னா எண்ணெயை மூன்று தடவை சேர்க்கச் சொல்கிறது: பாத்திரத்தில் முதலில் சிறிது, மாவோடு பிசையும்போது, பிறகு மேலே ஊற்ற. அதே வரிசையில் செய்யுங்கள். எண்ணெயை மாவில் விரல்நுனியால் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் தண்ணீர். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் கையில் ஒட்டும் கூழாகிவிடும். மூன்று தடவையாக ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் மூடி வையுங்கள், ரவை ஊறட்டும். அதற்கு மேல் வேண்டாம். மாவில் தண்ணீர் பட்டு வேலை செய்யாமல் 18 நிமிடம் கிடந்தால் அது புளிக்கத் தொடங்கிவிட்டது என்பது யூத மரபுக் கணக்கு. கொழும்புச் சூட்டில் மாவு எவ்வளவு சீக்கிரம் புளிக்கும் என்பதை நம் வீட்டுத் தோசைமாவே சொல்லும்.

உருண்டையாக்கி, அரை சென்ரிமீற்றருக்குக் குறைவான தடிப்பில் தட்டி, தோசைக்கல்லில் நடுத்தர நெருப்பில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் சுடுங்கள். விளிம்பு வெடித்தால் தண்ணீர் போதவில்லை. அடுத்த உருண்டைக்கு ஒரு தேக்கரண்டி கூட்டுங்கள். சுட்டதை இரண்டாகவும் நான்காகவும் மடித்துப் பிட்டு, துண்டுகளின்மேல் எண்ணெய் ஊற்றுங்கள். 2:5-6இல் உள்ள தட்டையான சட்டிக் காணிக்கை இதுதான். 2:7இன் பொரிக்கும் சட்டிக்குத் தாச்சியில் ஒன்றைச் செய்து காட்டலாம். 2:4இன் அடுப்பு வகைக்குப் போறணை தேவை, அதை வாயால் சொன்னால் போதும்.

கைப்பிடி எடுப்பதைப் பச்சை ரவையில் காட்டுங்கள். யூத மரபின்படி நடுவிலுள்ள மூன்று விரல்களையும் உள்ளங்கைமேல் மடக்கி எடுத்து, வெளியே வழிவதைப் பெருவிரலாலும் சுண்டுவிரலாலும் வழித்துவிட வேண்டும். கூடினாலும் செல்லாது, குறைந்தாலும் செல்லாது. உள்ளே ஒரு சிறு கல்லோ ஓர் உப்புக்கல்லோ அகப்பட்டாலும் செல்லாது, ஏனென்றால் அந்த இடத்தில் மாவு குறைகிறது. பிள்ளைகள் செய்து பார்க்கட்டும். எவ்வளவு கடினம் என்று சிரித்துக்கொண்டே படிப்பார்கள்.

தூபவர்க்கத்தைச் சாப்பாட்டில் போடாதீர்கள். அது முழுவதும் எரிக்கப்பட்டது, யாரும் உண்ணவில்லை. மணத்தைக் காட்ட வேண்டுமானால் செட்டியார் தெருப் பக்கத்து மருந்துச்சரக்குக் கடைகளில் குந்திரிக்கம் கேட்டுப் பாருங்கள். சாம்பிராணி என்று கேட்டால் வேறொரு மரத்தின் பிசின் தருவார்கள், அல்லது கரித்தூளோடு அச்சில் வார்த்த கிண்ணங்களைத் தருவார்கள். சிறு துண்டைத் தனித்தட்டில் வைத்து முகரக் கொடுத்தாலே போதும். மண்டபத்தில் எரித்தால் மூச்சிழுப்பு உள்ளவர்கள் வெளியே ஓட வேண்டியிருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் இருக்கிறாரா என்றும் முன்கூட்டியே கேளுங்கள்.

பொருள் சொல்லும்போது

மெல்லிய மாவு கிறிஸ்துவின் பழுதற்ற வாழ்வு, எண்ணெய் பரிசுத்த ஆவி, தூபவர்க்கம் ஜெபம், அடுப்பு மறைவான பாடு, சட்டி வெளிப்படையான பாடு. இந்த விளக்கங்களைக் கேட்டு வளராத தமிழ்க் கிறிஸ்தவர் குறைவு. பக்திக்கு உதவுகிறவரை இருக்கட்டும். ஆனால் புதிய ஏற்பாடு இந்தப் பட்டியலைத் தரவில்லை. பாத்திரத்துக்கு ஒரு பொருள் தேடத் தொடங்கினால் அது முடிவதேயில்லை, பலி கொண்டுவந்த ஏழை விவசாயி காணாமல் போய்விடுவான். வேதமே கைகாட்டும் இடங்களை முதலில் எடுங்கள்.

கைப்பிடிக்கு ‘நன்றிக்குறி’ என்று பெயர். தேவனுக்கு முன்பாக ஒரு நினைவு என்ற கருத்தும் அதில் உண்டு. அப்போஸ்தலர் 10:4இல் கொர்நேலியுவின் ஜெபங்களும் தருமங்களும் தேவனுக்கு ‘நினைப்பூட்டுதலாக’ வந்தெட்டின என்று தூதன் சொல்வது இந்தக் கைப்பிடியின் மொழி. பலிபீடத்தை அணுக முடியாத ஒரு ரோமப் படைத்தலைவன் ஏழைகளுக்குக் கொடுத்தது, ஆசாரியரின் கைப்பிடி போய்ச் சேர்ந்த அதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிலிப்பியர் 4:18இல் எப்பாப்பிரோதீத்து கையில் வந்த உதவியைப் பவுல் ‘சுகந்த வாசனை’ என்கிறார். எபிரெயர் 13:15-16 ஸ்தோத்திரபலியையும் தானதர்மத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறது. பிரசங்கத்துக்கு இந்த மூன்றே போதும்.

புளிப்பைப் பற்றி எச்சரிக்கையாகப் பேசுங்கள். புளித்தமா எப்போதும் பாவத்துக்கு அடையாளம் என்று சொன்னால், பெந்தெகொஸ்தே நாளில் கொண்டுவரச் சொன்ன இரண்டு அப்பங்கள் புளிப்புள்ளவை (லேவி. 23:17) என்று யாராவது கேட்பார், பதில் இருக்காது. ஸ்தோத்திரபலியோடும் புளித்த அப்பம் உண்டு (7:13). பரலோக ராஜ்யத்தையே இயேசு புளித்தமாவுக்கு ஒப்பிட்டார். 2:11 சொல்வது பலிபீடத்து நெருப்புக்குப் புளிப்பும் தேனும் போகக்கூடாது என்பதே. முதற்பலனாகக் கொண்டுவரலாம் என்று அடுத்த வசனமே அனுமதிக்கிறது. காரணம் அங்கே சொல்லப்படவில்லை. அந்தத் தேன் பேரீச்சம்பழப் பாகாகவும் இருந்திருக்கலாம், நம் கித்துள் பாணியின் இனம். அதுவும் மாவைப் போலச் சீக்கிரம் நொதிக்கக்கூடியது. பழைய புளித்தமாவை அகற்றச் சொல்லும் 1 கொரிந்தியர் 5:7-8ஐ எடுக்கிறவர்கள் பஸ்காவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

உப்பு இல்லாமல் எந்தப் பலியும் இல்லை (2:13). உடன்படிக்கையின் உப்பு என்பதால் இதற்குத் தனி விளக்கம் தேவையில்லை. ஆனையிறவு உப்போ புத்தளத்து உப்போ, ஒரு சிட்டிகையை ஒவ்வொருவர் கையிலும் வைத்து அந்த வசனத்தை வாசியுங்கள்.

லேவியராகமம் 5:11-13ஐ யாரும் பிரசங்கிப்பதில்லை, அது ஏனென்று தெரியவில்லை. ஆடு வாங்க முடியாதவன் இரண்டு புறாக்குஞ்சுகளைக் கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவன் 2.2 லீற்றர் மாவைப் பாவநிவாரணபலியாகக் கொண்டுவரலாம். எண்ணெய் வேண்டாம், தூபவர்க்கம் வேண்டாம். அவனுக்கும் மன்னிப்பு அறிவிக்கப்படும். எபிரெயர் 9:22 ‘கொஞ்சங்குறைய எல்லாம்’ இரத்தத்தினாலே சுத்திகரிக்கப்படும் என்று சொல்வதில் அந்தக் ‘கொஞ்சங்குறைய’ இவனுக்கும் இடம் விடுகிறது. லெந்து நாட்களில் பாவ அறிக்கை ஆராதனையைப் பூவும் அலங்காரமும் இல்லாமல் நடத்த விரும்பும் சபைகளுக்கு இது நல்ல வாசிப்பு.

திருவிருந்தோடு இணைக்கும்போது ஒரு பழைய பாதை உண்டு. 2ஆம் நூற்றாண்டில் யுஸ்தீன் என்ற இரத்தசாட்சி, குஷ்டரோகத்திலிருந்து சுத்தமானவர் செலுத்திய மெல்லிய மாவின் காணிக்கையை (லேவி. 14:10) நற்கருணை அப்பத்துக்கு முன்னடையாளமாகக் கண்டார், புறஜாதிகள் எல்லா இடங்களிலும் செலுத்தும் சுத்தமான காணிக்கை என்ற மல்கியா 1:11ஐயும் அதோடு சேர்த்தார். பழைய ஏற்பாட்டில் ஆசாரியர் மட்டுமே உண்ட மேசைக்கு இன்று முழுச் சபையும் வருகிறது என்றால், 1 பேதுரு 2:9 நம் எல்லாரையும் ஆசாரியக்கூட்டம் என்று அழைப்பதால். இதைச் சொல்லும்போது திருவிருந்தின் வேர் பஸ்காவிலும் இருக்கிறது என்பதை மறைக்காதீர்கள்.

ஆராதனை ஒழுங்கு

பொருட்களை ஆராதனைக்கு முன்பே பீடத்தில் அடுக்கி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். எண்ணாகமம் 15இல் போஜனபலி சர்வாங்க தகனபலியோடு, அதற்குத் துணையாக வருகிறது. நம் வேலையின் பலன் பாவமன்னிப்புக்கு விலை அல்ல. எனவே பாவ அறிக்கை, மன்னிப்பின் வார்த்தை, வாசிப்பு, பிரசங்கம் எல்லாம் முடிந்து காணிக்கை நேரத்தில் பொருட்கள் உள்ளே வரட்டும். திருவிருந்து உள்ள நாளானால் அப்பமும் இரசமும் அதே பவனியில் வரலாம்.

என்ன கொண்டுவருவது? விளைந்தது மட்டும் அல்லாமல், கை பட்டதும் வரட்டும். அரித்த மா, வறுத்த மா, இடித்த தூள், வெட்டி உலர்த்திய வற்றல். கொழும்பில் வயல் வைத்திருப்பவர் யார்? பெரும்போக நெல் வன்னியிலும் மட்டக்களப்பிலும் பங்குனிக்குள் அறுத்து முடிகிறது. நமக்கு அது கடையில் பைக்கற்றாக வருகிறது. புறக்கோட்டைக் கடையில் நாள் முழுக்க நிற்கிறவரும், வெள்ளவத்தை அடுக்குமாடியில் சமைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவரும் தங்கள் உழைப்பு பட்ட ஒன்றைக் கொண்டுவர வழி இருக்க வேண்டும். நேரமில்லாதவர் ஒரு பைக்கற் பருப்பு கொண்டுவந்தாலும் வரட்டும்; யார் எவ்வளவு என்று ஒலிவாங்கியில் வாசிக்க வேண்டாம்.

பீடத்தின் முன் ஒரு சுளகு வையுங்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் தம் மாவிலிருந்தோ அரிசியிலிருந்தோ ஒரு கைப்பிடியைச் சுளகில் போடட்டும், மீதிப் பையைப் பக்கத்து மேசையில் வைக்கட்டும். நூறு குடும்பமானால் வரிசை நீளும். இரண்டு சுளகு, இரண்டு வரிசை, ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு பாடல். மாவையும் அரிசியையும் ஒரே சுளகில் கலக்கவிடாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. எரிப்பது எதுவும் வேண்டாம். கிறிஸ்துவின் ஒரே பலிக்குப் பின் நமக்குப் பலிபீட நெருப்பு இல்லை. சுளகை ஏந்தி ஒரு நன்றி ஜெபம் போதும்.

வருடத்துக்கு ஒருமுறைதானா என்று கேட்பவர்களுக்கு: சங்கீதம் 141:2 ‘என் கையெடுப்பு அந்திப்பலியாகவும்’ இருக்கட்டும் என்கிறது. மாலை ஜெபத்தை இந்தச் சங்கீதத்தோடு தொடங்குங்கள். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் வழியில் கோவிலுக்குள் வந்து பத்து நிமிடம் நிற்கக்கூடிய நேரம் அது.

மீதியும் கைப்பிடியும்

ஏலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. காய்கறிக்கும் குலைக்கும் ஏலம் நடக்கட்டும். மேசையில் உள்ள மாவும் அரிசியும் ஏலத்துக்குப் போகக்கூடாது. லேவி. 7:9-10 மிகத் தெளிவான பங்கீட்டு விதி தருகிறது: சமைத்தது அன்று பலி செலுத்திய ஆசாரியருக்கு, மாவாக உள்ளது ஆரோனின் குமாரர் அனைவருக்கும் சரிசமமாக. நம்மிடமும் அதுவே நடைமுறைக்கு ஏற்றது. சமைத்த பலகாரங்கள் அன்று வேலை செய்த கோவிற் பணியாளர், துப்புரவு செய்கிறவர், வாசற் காவலாளி, பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு அன்றே. தேங்காய்ப்பால் சேர்ந்தது மத்தியானம் தாண்டாது. உலர்ந்தவற்றைச் சம எடைப் பைகளாகப் பிரித்து, போதகர் வீட்டுக்கும் ஒன்று வைத்து (1 கொரி. 9:13-14), மற்றவற்றைத் தேவையுள்ள வீடுகளுக்கு அந்த வாரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். போதகரின் காணிக்கைப் பை போதகர் வீட்டுக்குத் திரும்பாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், லேவி. 6:23 நினைவிருக்கட்டும்.

சுளகில் சேர்ந்த கைப்பிடிகளை இரவு பீடத்தில் விட்டுவைத்தால் காலையில் எறும்பும் கரப்பானும் வந்திருக்கும். கோதுமை மாவாக இருந்தால், அடுத்த ஞாயிறு திருவிருந்துக்கான அப்பத்தை அதிலிருந்து சபையாரே சுடலாம். உங்கள் சபை முறைமை இடம் தருகிறதா என்று முதலில் போதகரிடமோ குருவானவரிடமோ கேளுங்கள். கத்தோலிக்கத் திருப்பலிக்கு கோதுமை மாவும் தண்ணீரும் மட்டுமே சேர்ந்த அப்பம் வேண்டும், எண்ணெயும் உப்பும் சேர்ந்த மேற்சொன்ன ரொட்டி அங்கே உதவாது. அரிசியாக இருந்தால் அடுத்த நாள் காலை கஞ்சியாகக் காய்ச்சி, கோவில் வாசலுக்கு வருகிறவர்களுக்கு ஊற்றுங்கள். உப்பை மறக்க வேண்டாம்.